சிறிய பெட்ரோல் ஜெனரேட்டருக்கு மலிவு விலை மீட்டர்கள்: எவற்றைப் பொருத்துவது, எங்கே பொருத்துவது?

பந்தல்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் வசிக்கிறேன். வார இறுதிகளில் பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் விசேஷம் என்றால் மின்சாரத்துக்கு அங்கேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம். திறந்த திடலில் நடந்தால் என் ஜெனரேட்டர்தான் துணை. என்னிடம் இரண்டு உள்ளன. ஒன்று இரும்புச் சட்டத்துக்குள் இருக்கும் 2.8 கேவிஏ சாதாரண வகை. மற்றொன்று பெட்டி போன்ற சிறிய இன்வெர்ட்டர் வகை.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கோயில் விழாவில், அன்னதானக் கூடாரத்துக்குப் பின்னால் பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று விளக்குகள் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தன. நான் ஓடிப் போய் நிறுத்துவதற்குள் ஒலிக்கலவைக் கருவியின் மின்வழங்கியும் இரண்டு எல்இடி விளக்குகளும் கருகிவிட்டன. என்ஜினின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 287 வோல்ட் காட்டியது. எந்தக் கணத்திலிருந்து அப்படி ஓடியது என்பதைச் சொல்ல அந்த இயந்திரத்தில் எதுவுமே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏறிப் போக ஒரு சைக்கிளுக்குக்கூட வேகம் காட்டும் கருவி வைக்கிறோம். நூறு பேர் சாப்பிடும் இடத்துக்கு மின்சாரம் தரும் இயந்திரத்தில் ஒரே ஒரு பச்சை விளக்குதான் இருக்கிறது.

வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஓடிய மணி நேரம், ஆயில் வெப்பநிலை ஆகியவற்றுக்கெல்லாம் இணையத்தில் 10 சிங்கப்பூர் வெள்ளிக்கும் 20 வெள்ளிக்கும் மீட்டர்கள் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்திவிடலாமா? அல்லது அவற்றில் சில மட்டும் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சுருள்கம்பி:

தம்பி, செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பழுதைக் கேட்டதுமே எனக்குத் தோன்றுவது ஏவிஆர், அதாவது தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி. வெளியேறும் மின்னழுத்தம் எவ்வளவு என்று ஏவிஆருக்குத் தெரிவிக்கும் உணர்கம்பி அதிர்வில் கழன்றுவிட்டால், மின்னழுத்தம் சுத்தமாக இல்லை என்று அது நினைத்துக்கொண்டு, சுழலிச் சுருளுக்குத் தன்னால் முடிந்த அளவு மின்னோட்டத்தைத் தள்ளும். வெளியே மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகும். என்ஜினின் வேகம் மாறாததால் காதுக்கு எதுவும் கேட்காது. முதலில் அந்தக் கம்பிகளின் லக்குகளை, அதாவது முனையில் அழுத்திப் பொருத்திய உலோகக் காதுகளை, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் வாங்குவது வோல்ட் மீட்டர். நான் முதலில் வாங்கச் சொல்வது ஹெர்ட்ஸையும், அதாவது மின்னலை நொடிக்கு எத்தனை முறை வந்துபோகிறது என்பதையும், சேர்த்துக் காட்டும் மீட்டர். உங்கள் பெரிய ஜெனரேட்டர் இரண்டு துருவ வகை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் 50 ஹெர்ட்ஸ் வரும். ஒவ்வொரு ஹெர்ட்ஸும் 60 சுற்றுக்குச் சமம். ஆகவே ஹெர்ட்ஸ் மீட்டர் என்பது உண்மையில் என்ஜினின் வேகத்தைக் காட்டும் மீட்டர்தான். என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் தளர்ந்து வேகம் 2800க்கு இறங்கினாலும், யாரோ திருகைத் திருப்பி அது 3300க்கு ஏறினாலும், ஏவிஆர் தன் வேலையைச் செய்து 230 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும். வோல்ட் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மின்விசிறி, குளிர்பெட்டி போன்ற மோட்டார் உள்ள பொருள்கள்தான் அந்த வேக மாற்றத்தின் பாதிப்பை முதலில் அனுபவிக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். ஹெர்ட்ஸ் சரியாக இருந்து வோல்ட் தவறினால் ஏவிஆர், கார்பன் பிரஷ், சுருள் என்று மின்பக்கம் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சுமை அதிகம், அல்லது பெட்ரோல், காற்று, கவர்னர் என்று என்ஜின் பக்கம் தேட வேண்டும். சுமையே இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் அளவில் இருந்து, முழுச் சுமையில் 50க்கு அருகே வந்து நிற்பது ஆரோக்கியமான கவர்னரின் அடையாளம். தொடக்கத்திலேயே 50 காட்டும் இயந்திரம் சுமை ஏறியதும் 47, 48 என்று சரிந்துவிடும்.

நம் ஊரில் இதையெல்லாம் பார்க்கும் பழக்கமே இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலை 1.18 மணிக்கு மின்சாரம் போனதைப் பலரும் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதுவே 38 நிமிடங்களில் முழுமையாகத் திரும்பிவிட்டது. சுவரில் உள்ள சாக்கெட்டை நம்பி வளர்ந்த நாம், ஜெனரேட்டரின் சாக்கெட்டையும் அதே கண்ணோடு பார்க்கிறோம்.

காக்கி புக்கிட் பட்டறை:

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் வரிசையை மட்டும் சற்று மாற்றுவேன். பட்டறைக்கு வரும் சிறிய என்ஜின்களில் பெரும்பாலானவை மின்பக்கம் கெட்டு வருவதில்லை. ஆயில் மாற்றாமல் தேய்ந்து வருகின்றன. ஆகவே என் கணக்கில் முதல் மீட்டர் மணி மீட்டர்தான்.

உரிமையாளரைக் கேட்டால், "மாதத்துக்கு இரண்டு விழாதானே, மொத்தமே ஐம்பது மணி நேரம்தான் ஓடியிருக்கும்" என்பார். விழா நான்கு மணி நேரம். ஆனால் கூடாரம் போடும்போதே ஜெனரேட்டரை இயக்கிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றும்வரை நிறுத்துவதில்லை. உண்மையில் ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும். ஹோண்டா ஈயூ22ஐ போன்ற சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களின் கையேட்டில், முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்திலோ ஒரு மாதத்திலோ, அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ என்று இருக்கிறது. அதில் இருக்கும் ஆயிலே ஏறக்குறைய 0.4 லிட்டர்தான். அவ்வளவு குறைந்த ஆயில் எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதை மனக்கணக்கில் விடுவது சரியல்ல.

சுற்று வேகத்தையும் மணி நேரத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய மீட்டர்கள் 12 வெள்ளி அளவில் கிடைக்கின்றன. அவற்றின் மெல்லிய கம்பியை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த கம்பியின்மேல் நான்கைந்து சுற்றுச் சுற்றி, நைலான் பட்டையால் இறுக்கினால் போதும். எதையும் வெட்ட வேண்டாம், எதையும் இணைக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு வீச்சு என்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்றுதான் எல்லோரும் அமைக்கிறார்கள். இந்தச் சிறிய என்ஜின்களில் பொறியை உண்டாக்கும் காந்தம் என்ஜினோடு சுழலும் சக்கரத்திலேயே இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுகிறது. வெளியேற்ற வீச்சின்போது விழும் பொறி வீண்பொறி. ஆகவே மீட்டரை ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று அமைக்க வேண்டும். தவறாக அமைத்தால் வேகம் இரட்டிப்பாகத் தெரியும்.

ஆயில் அழுத்த மீட்டர் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். இவ்வகை என்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்பே இல்லை. இணைப்புத் தண்டின் அடியில் உள்ள சிறு துடுப்பு ஆயிலை வாரி இறைக்கிறது. அளப்பதற்கு அங்கே அழுத்தம் ஏதும் கிடையாது. உள்ளே இருக்கும் ஆயில் எச்சரிக்கை ஒரு மிதவைதான்; மட்டம் இறங்கினால் அது பற்றவைப்பை நிறுத்திவிடும். ஆயில் கறுத்துப்போனதோ நீர்த்துப்போனதோ அதற்குத் தெரியாது.

பந்தல்காரன்:

ஐயாவுக்கும் பட்டறை அண்ணனுக்கும் நன்றி. பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஐயா சொன்னது அப்படியே சரி. ஏவிஆருக்குப் போகும் நீலக் கம்பியின் லக் பாதி வெளியே வந்து, அதன் வாய்ப்பகுதி கறுத்திருந்தது. புதிய லக் போட்டு அழுத்தியதும் 231 வோல்ட்டுக்கு வந்துவிட்டது.

சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கும் இதே மீட்டர்கள் பொருந்துமா? இரண்டாவதாக, மீட்டர்களை ஜெனரேட்டரின் முகப்புப் பலகையிலேயே துளையிட்டு வைக்கலாமா?

சுருள்கம்பி:

இன்வெர்ட்டர் வகையில் கதை வேறு. அதில் என்ஜின் தரும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாகி, பிறகு மின்னணுப் பலகையால் 50 ஹெர்ட்ஸாக மீண்டும் உருவாக்கப்படுகிறது. சுமைக்கு ஏற்ப என்ஜின் மெதுவாகவும் வேகமாகவும் ஓடினாலும், வெளியே வருவது 50.0 ஹெர்ட்ஸ்தான். ஆகவே அங்கே ஹெர்ட்ஸ் மீட்டர் என்ஜினைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பிளக் கம்பியில் சுற்றும் மணி மீட்டரும், எத்தனை வாட் இழுக்கிறோம் என்று காட்டும் மீட்டரும்தான் பயன்படும். அந்த வகையில் 1800 வாட் தொடர்ச்சியாகத் தரும் என்றும் 2200 வாட் உச்சம் என்றும் எழுதியிருப்பார்கள். பலர் பெரிய எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதையே இழுக்கிறார்கள்.

முகப்புப் பலகையைத் துளையிடாதீர்கள். உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சட்டம் நாள் முழுவதும் நடுங்கும் என்பது. மலிவான மீட்டரின் ஈயப் பற்றவைப்புகள் அந்த நடுக்கத்தில் விரிசல் விடும். தனியாக ஒரு நீர்புகாப் பெட்டியை எடுத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ரப்பர் உறை கம்பிவடத்தில் ஒரு பக்கம் 13 ஆம்பியர் பிளக்கும் மறுபக்கம் சாக்கெட்டுகளும் வைத்து, நடுவே மீட்டர்களை வையுங்கள். எந்த ஜெனரேட்டருக்கும் அதையே மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். உள்ளே ஒற்றைக் கெட்டிக் கம்பி வேண்டாம். பல இழைக் கம்பியும் அழுத்தி இறுக்கிய லக்கும்தான் அதிர்வைத் தாங்கும். மீட்டருக்குப் போகும் மெல்லிய கம்பிகளுக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அந்த மெல்லிய கம்பி உரசிக் குறுக்கிணைந்தால், ஃபியூஸ் இல்லாத நிலையில் அதுவே தீக்குச்சியாகிவிடும்.

இன்னொன்று. மீட்டர் காட்டும், தடுக்காது. நீங்கள் பந்தலின் மறுகோடியில் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது 287 வோல்ட் வந்தால், மீட்டரில் 287 என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதே பெட்டிக்குள் மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலே ஒன்றையும் வையுங்கள். மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் நாமே அமைக்கும் வகை, மீட்டரும் அதிலேயே சேர்ந்தது, 20 வெள்ளிக்குள் கிடைக்கிறது. மேல் எல்லையை 255க்கு வைத்தால் உங்கள் ஒலிக்கருவிகள் பிழைத்திருக்கும்.

அளவுகோல்:

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் இவை எல்லாமே தேவையில்லை என்பது என் கருத்து. மலிவு மீட்டர்களில் பல, அலை சீரான சைன் வடிவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சராசரியைக் கணக்கிட்டு எண்ணைக் காட்டுகின்றன. சாதாரண ஜெனரேட்டரின் அலை நெளிந்திருக்கும். அதில் மின்னணு மின்வழங்கிகளைப் போட்டால் இன்னும் நெளியும். காட்டும் எண்ணே தவறாக இருக்கும்போது அதைப் பார்த்து என்ன முடிவு எடுப்பது? மேலும் இந்த மீட்டர்கள் நொடிக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றுகின்றன. குளிர்பெட்டியின் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு இழுத்து, அரை நொடிக்குள் அடங்கிவிடும். ஜெனரேட்டரை மூச்சுத் திணற வைக்கும் அந்தக் கணம் மீட்டரில் பதிவாவதே இல்லை.

உபின்படகு:

அளவுகோல் நண்பர் சொல்லும் இரண்டு குறைகளும் உண்மை. இருந்தாலும் மீட்டர் வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன். மாதம் இருமுறை நான் புலாவ் உபின் தீவுக்குப் போகிறேன். சிங்கப்பூர்ப் பெருந்தீவின் மின்கட்டமைப்பு அங்கே எட்டாது. 2013இல் எரிசக்திச் சந்தை ஆணையம் படகுத்துறைப் பகுதியில் சூரிய ஒளியையும் சேர்த்த சிறு மின்கட்டமைப்பை அமைத்தது. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு இன்றும் அவரவர் ஜெனரேட்டரே கதி. எனக்குத் தெரிந்த ஒரு சீன முதியவரின் பானக்கடையில் ஓடும் ஜெனரேட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் இயந்திரத்தில் இருக்கும் மீட்டர் சரியாக 4 வோல்ட் கூட்டிக் காட்டுகிறது. நல்ல மல்டிமீட்டரை அருகில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டு, மூடியில் கறுப்பு மையால் "4 குறைக்க" என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தவறும் மீட்டரால் தொல்லை இல்லை. நமக்கு வேண்டியது நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். மல்டிமீட்டரை நாம் எடுப்பதோ, எதோ கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகுதான். பொருத்திய மீட்டரோ கெடுவதற்கு முந்தைய வாரமும் கண்ணில் படுகிறது.

ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையம் போல மாட்டும் வெப்ப உணரியையும் அங்கே வைத்திருக்கிறேன். பிளக்கின் பழைய வளையத்தை எடுத்துவிட்டு அதை மாட்ட வேண்டும். 14 மில்லிமீட்டர் பிளக்குக்கும் 10 மில்லிமீட்டர் பிளக்குக்கும் வெவ்வேறு அளவு. குளிர்பெட்டியும் விளக்குகளும் ஓடும்போது வழக்கமாக 165 டிகிரி காட்டும். ஒரு நாள் அதே சுமையில் 190ஐத் தொட்டது. மேல்கூட்டைக் கழற்றிப் பார்த்தால், உருளையின் குளிர்விப்புச் செதில்களுக்கு நடுவே ஏதோ பூச்சி கட்டிய மண்கூடும் காய்ந்த புல்லும் அடைத்துக்கொண்டிருந்தன. 190 என்பது ஆபத்தான எண்ணா இல்லையா என்று நான் எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை. 165 காட்டிக்கொண்டிருந்த இயந்திரம் 190 காட்டியது. அது ஒன்றே திறந்து பார்க்கப் போதுமான காரணம். கடையின் பலகையில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. தேதிக்கு நேராக மணி, ஹெர்ட்ஸ், வெப்பநிலை என்று மூன்று எண்களை அவரே எழுதி வைக்கிறார்.

மல்லிகை ஈசூன்:

விழாக்களுக்குச் சமைத்துத் தருபவள் நான். பொருள்கள் கருகுவதைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள்; கூடாரத்துக்குள் நின்று சமைப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள். மழை வந்துவிட்டால், நனையக் கூடாது என்று ஜெனரேட்டரைக் கூடாரத்தின் ஓரத்துக்கு இழுத்து வருகிறார்கள். போன ஆண்டு ஒரு மாலை நேரத்தில் எனக்கும் உதவிக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தன. அடுப்புச் சூடு என்று நினைத்து மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே போய்க் காற்று வாங்கியதும் சரியானது. அப்போது ஜெனரேட்டரின் சைலன்சர் எங்கள் பக்கம் பார்த்து நின்றது. இதற்கு என்ன மீட்டர் வைப்பது?

சுருள்கம்பி:

அம்மா, நீங்கள் கேட்டதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கும் ஒன்றாகத் தலைவலி வருவதும், வெளியே போனால் விடுவதும் அதன் அடையாளங்கள். அப்படி நேர்ந்தால் உட்காரக் கூடாது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். யாராவது தள்ளாடினால் 995க்கு அழைக்க வேண்டும்.

மின்கலத்தில் ஓடும் எச்சரிக்கைக் கருவி 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஈஎன் 50291 தரத்துக்கு உட்பட்டது என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடங்களுக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். அதை ஜெனரேட்டரில் மாட்டாதீர்கள். புகைக்கு அருகில் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும், பிறகு யாராவது மின்கலத்தைக் கழற்றிவிடுவார்கள். மனிதர்கள் மூச்சுவிடும் உயரத்தில், சமைப்பவர்களுக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டுங்கள். இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது. எங்கும் கலந்து பரவும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயுதான் தரையோடு தங்கும். ஆகவே எரிவாயுக் கசிவுக்கு வைத்த கருவி இதற்கு உதவாது, இது அதற்கும் உதவாது.

கருவி இருந்தாலும் தூரம்தான் முதல் பாதுகாப்பு. குறைந்தது 6 மீட்டருக்கு அப்பால், சைலன்சர் ஆள் இல்லாத பக்கம் பார்த்தபடி வைக்க வேண்டும். மழைக்கு நாலு பக்கமும் திறந்த ஒரு சிறு கூரையை அங்கேயே போட்டுக்கொடுக்க வேண்டும். இது பந்தல்காரர் செய்ய வேண்டிய வேலை, சமைப்பவர் கேட்டு வாங்க வேண்டிய வேலை அல்ல.

பந்தல்காரன்:

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மல்லிகை அக்கா, நான் பந்தல் போடும் இடத்தில் இனி 15 மீட்டர் கம்பிவடம் இல்லாமல் ஜெனரேட்டரை இறக்க மாட்டேன். எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்கிவிட்டேன்.

மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் டவருக்குப் போய்ப் பெட்டி, லக், ஃபியூஸ் தாங்கி எல்லாம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பெட்டியை முடித்தேன். வோல்ட், ஆம்பியர், வாட், ஹெர்ட்ஸ், யூனிட் எல்லாம் காட்டும் ஒரே மீட்டர், பாதுகாப்பு ரிலே, தனியே மணி மீட்டர். மொத்தம் 74 வெள்ளி. இயக்கிப் பார்த்தபோது மூன்று குழப்பங்கள் வந்தன. இரண்டை நானே தீர்த்துக்கொண்டேன்.

முதலாவது, சுடுநீர்க் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தபோதும் ஆம்பியர் 0.00 என்றே இருந்தது. மின்னோட்டம் அளக்கும் வளையத்துக்குள் முழுக் கம்பிவடத்தையும் நுழைத்திருந்தேன். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஒரு கம்பியை மட்டும் நுழைத்ததும் 8.9 ஆம்பியர் வந்தது. இரண்டாவது, மணி மீட்டர் 6500 சுற்று என்றது. பட்டறை அண்ணன் எச்சரித்தும் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். மாற்றியமைத்ததும் 3250 ஆனது. அதே நேரத்தில் ஹெர்ட்ஸ் 54.2 காட்டியது. இரண்டு மீட்டரும் தனித்தனியே ஒரே கதையைச் சொன்னதும் எனக்கு ஏற்பட்ட நம்பிக்கையை என்னவென்று சொல்வது! கவர்னர் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, சுமை இல்லாமல் 52.1க்குக் கொண்டுவந்தேன். 2 கிலோவாட் சுமையில் 50.3 நிற்கிறது.

மூன்றாவதுதான் புரியவில்லை. சாக்கெட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 231 வோல்ட். ஆனால் ஒரு முனைக்கும் புவிமுனைக்கும் நடுவே 118, மற்றொன்றுக்கும் புவிமுனைக்கும் நடுவே 112. டெஸ்டர் இரண்டு முனையிலும் மங்கலாக எரிகிறது. சுருளில் கசிவா?

சுருள்கம்பி:

கசிவு இல்லை. உங்கள் ஜெனரேட்டரின் சுருள் புவியோடு எங்கும் இணைக்கப்படவில்லை, நியூட்ரல் மிதக்கிறது. மல்டிமீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால், சுருளுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சிறு மின்தேக்கம் வழியாக வரும் அற்ப மின்னோட்டமே அதற்குப் பாதி மின்னழுத்தமாகத் தெரிகிறது. சிறிய விளக்கை ஒரு முனைக்கும் புவிமுனைக்கும் நடுவே போட்டால் அந்த எண் மறைந்துவிடும். ஆனால் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இதில் நீங்கள் அறிய வேண்டியது வேறு. நியூட்ரல் மிதக்கும்போது, பெட்டியில் நீங்கள் வைக்கக்கூடிய ஆர்சிசிபி, அதாவது மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி, சோதனைப் பொத்தானை அழுத்தினால் துண்டித்துவிடும்; ஆள்மேல் கசிந்தால் துண்டிக்காமல் போகலாம். கசிந்த மின்னோட்டம் திரும்பிவரப் பாதை இல்லாததால் அது உணராது. 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்று நம் ஊரில் கட்டாயமாக்கியிருப்பதால், அது இருந்தால் கவலை இல்லை என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது. வீட்டில் அது சரி. ஜெனரேட்டரில், நியூட்ரலையும் புவியையும் முறையாக ஓரிடத்தில் இணைத்த பிறகுதான் அது வேலை செய்யும். அந்த இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரிடம் காட்டிச் செய்துகொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வகையில் கையேடு அனுமதிக்காவிட்டால் தொடவே கூடாது. வீட்டுச் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் செருகவே கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

பந்தல்காரன்:

மூன்று வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். உபின்படகு நண்பரைப் பின்பற்றி ஒரு சிறு குறிப்பேட்டைப் பெட்டியின் மூடிக்குள் கட்டியிருக்கிறேன். அதில் உள்ள இரண்டு பதிவுகள்:

முதல் விழா: 7.5 மணி நேரம், 9.4 யூனிட், நிரப்பிய பெட்ரோல் 6 லிட்டர்.
இரண்டாம் விழா: 7.2 மணி நேரம், 7.1 யூனிட், நிரப்பிய பெட்ரோல் 6 லிட்டர்.

முதலில் யூனிட்டுக்கு 0.64 லிட்டர், அடுத்ததில் 0.85 லிட்டர். குறைந்த சுமையில் யூனிட்டுக்கான செலவு கூடும் என்று படித்திருக்கிறேன். இது அந்த வகைதானா, வேறு பழுதா?

காக்கி புக்கிட் பட்டறை:

நல்ல கேள்வி, தம்பி. சுமை குறைந்தால் யூனிட்டுக்கான செலவு கூடுவது இயல்புதான். ஈயூ22ஐயையே எடுத்துக்கொள்ளுங்கள். 3.6 லிட்டர் தொட்டி முழுச் சுமையில் 3.2 மணி நேரமும், கால் சுமையில் ஏறக்குறைய 8 மணி நேரமும் வரும். கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 0.63 லிட்டரும், கால் சுமையில் 1 லிட்டருமாகிறது. ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். முதல் விழாவில் சராசரி 1.25 கிலோவாட், மணிக்கு 0.80 லிட்டர். இரண்டாவதில் சராசரி 1 கிலோவாட்டுக்கும் கீழே, ஆனால் மணிக்கு 0.83 லிட்டர். சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் மணிக்கான பெட்ரோல் சற்றுக் கூடியிருக்கிறது. அது இயல்பு இல்லை. பெட்ரோல் அதிகமாகவோ காற்றுக் குறைவாகவோ போகிறது. சோக் நெம்புகோல் முழுமையாகத் திரும்புகிறதா என்று பாருங்கள், காற்று வடிகட்டியின் நுரைப்பஞ்சைப் பாருங்கள், பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைச் சொல்லுங்கள்.

பந்தல்காரன்:

பிளக்கின் நுனி அடுப்புக்கரி போலக் கறுத்து, விரலில் ஒட்டியது. நுரைப்பஞ்சு ஈரமாக, வடையிலிருந்து பிழிந்தது போல எண்ணெய் வழிந்தது. கடைசியாகச் சுத்தம் செய்தபோது நான்தான் அதில் ஆயிலை ஊற்றி, பிழியாமல் அப்படியே மாட்டியிருக்கிறேன். சோப்புநீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில துளி ஆயில் விட்டுத் துணியில் சுருட்டிப் பிழிந்து மாட்டினேன். பிளக்கையும் மாற்றினேன். நேற்று அதே ஒலிக்கருவி, அதே விளக்குகள்: 7 மணி நேரம், 7.0 யூனிட், 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்னதானக் கூடாரத்தின் எச்சரிக்கைக் கருவி மாலை முழுவதும் 0 என்றே இருந்தது. மணி மீட்டர் 23.4இல் நிற்கிறது, ஒலிக்கருவி கருகிய அன்றே ஆயில் மாற்றியதால், அடுத்த மாற்றம் 100இல் என்று மூடியின் மேல் எழுதி வைத்துவிட்டேன்.